பல் மருத்துவம்தான் ஆசை என்றால் தொடக்கக்கல்லூரியில் எந்தப் பாடங்கள்?

பொங்கலன்று அக்கா வீட்டுக்குப் போனால் இலையில் முதலில் விழுவது சர்க்கரைப் பொங்கல். இந்த முறை இலை போடுவதற்கு முன்பே என் முன்னால் ஒரு தாள் வந்து விழுந்தது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகிச் சில நாள்கள்தான் ஆகியிருந்தன. அக்கா மகள் நன்றாகவே செய்திருந்தாள். பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்று தொடக்கப்பள்ளிக் காலத்திலிருந்து சொல்லிவருபவள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டாண்டுப் படிப்பைத் தரும் தொடக்கக்கல்லூரியில் எடுக்கக்கூடிய பாடச் சேர்க்கைகள் நான்கை அந்தத் தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

“தம்பி, இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறாய். உன் மருமகளுக்கு எது சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு” என்றார் அக்கா.

“உயிரியல் இல்லாமல் டாக்டர் ஏது? இதற்கு ஒரு கூட்டமா?” என்று தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார் அத்தான். பொங்கல் வாங்க வந்திருந்த எதிர்வீட்டு அம்மா, தம் மகன் இயற்பியல் எடுத்ததால்தான் ஏ வாங்கினான் என்றும் உயிரியலில் எவ்வளவு எழுதினாலும் பி-தான் வரும் என்றும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். இருவர் சொன்னதும் பாதி சரி. பொங்கல் ஆறிப்போகும்வரை அன்று நாங்கள் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பிப்ரவரி பிறந்தால் இதே தாள் இன்னும் பல வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு வரும்.

முதலில் நிபந்தனையைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் பல் மருத்துவப் பட்டம் தரும் இடம் ஒன்றே ஒன்று, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். 1929இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியின் ஒரு துறையாகத் தொடங்கிய படிப்பு அது. இன்று கெண்ட் ரிட்ஜில் நடக்கிறது. நான்கு ஆண்டுகள். ஓர் ஆண்டில் சேர்க்கப்படுபவர்கள் நூறு பேர்கூட இல்லை. தொடக்கக்கல்லூரி முடிவில் ஏ நிலைத் தேர்வு எழுதும் மாணவர்களிடம் அது கேட்பது எச்2 வேதியியல் (எச்2 என்பது முழு அளவுப் பாடம், எச்1 அதில் பாதி). அதனுடன் எச்2 உயிரியல் அல்லது எச்2 இயற்பியல். பாட நிபந்தனை இவ்வளவுதான். கணிதம் அந்த வரியில் இல்லை, பொருளியலும் இல்லை. அதில் இருக்கும் “அல்லது” என்ற சொல்லை அத்தானைப் போன்ற பெற்றோர் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டில் நிபந்தனை மாறியிருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் இணையப்பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது எப்போதும் நல்லது.

ஆகவே வேதியியலை எதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை. அது முடிந்துபோன கேள்வி. ஆனாலும் அதைப்பற்றிக் கொஞ்சம் பேசாமல் என்னால் இருக்க முடியாது. தொழில் அப்படி. பல்லின் மேற்பூச்சாக இருக்கும் எனாமலின் பெரும்பகுதி ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகை உப்பு. நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலிருக்கும் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. வாயின் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் அந்த உப்பு கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துப் பிஎச்சை மேலே ஏற்றினால் கரைந்த தாதுவில் ஒரு பகுதி திரும்பவும் படிகிறது. ஒரு நாளில் இந்த இழுபறி பலமுறை நடக்கிறது. புளோரைடு சேர்ந்தால் அந்த உப்பு புளோர் அபடைட்டாக மாறி, இன்னும் கடுமையான அமிலம் வரும்வரை தாங்கும். சிங்கப்பூரில் 1950களிலிருந்து குழாய்நீரில் புளோரைடு கலக்கப்படுவது இதற்காகத்தான். சமநிலை, கரைதிறன், அமில உப்புக் கரைசல்கள் என்று எச்2 வேதியியலில் பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டு படிக்கும் அத்தியாயங்கள் இவை. சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்துக்கொண்டு இவற்றை விளக்குவது வகுப்பறையைவிட எளிதாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னேன். சீழ் வைத்து வீங்கிய பல்லுக்கு மரப்பு ஊசி போட்டால் சரியாக மரப்பதில்லை என்று பலர் குறைப்படுவார்கள். அதற்கும் காரணம் வேதியியல்தான். வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கிறது. மருந்தின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அங்கே மின்னூட்டம் பெற்றுவிடுகின்றன. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு நரம்பின் சவ்வைக் கடப்பது கடினம். இதைக் கேட்டதும் அக்கா மகளின் கண் விரிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. வேதியியல் கசக்கிற பிள்ளைக்குப் பல் மருத்துவமும் கசக்கும். அப்படிப்பட்ட பிள்ளையை வற்புறுத்தாதீர்கள் என்று என்னிடம் வரும் பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். அதனால் சில மாணவர்களை இழந்திருக்கிறேன்.

உண்மையான கேள்வி உயிரியலா இயற்பியலா என்பது. நான் இயற்பியல்காரன். என் காலத்தில் நானும் பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவன்தான். வேதியியல், இயற்பியல், கணிதம் என்று எடுத்தேன். மதிப்பெண் போதவில்லை, இடம் கிடைக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. இயற்பியல் கையில் இருந்ததால் வேதிப் பொறியியலுக்குப் போனேன். ஜூரோங் தீவில் சில ஆண்டுகள் குழாய்களுக்கும் கலன்களுக்கும் இடையில் வேலை பார்த்தேன். பிறகு துணைப்பாட ஆசிரியர் ஆனேன். உயிரியல் எடுத்திருந்தால் இந்த வழி அவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது. அதனால் என் பேச்சில் இயற்பியல் பக்கம் ஒரு சாய்வு இருக்கலாம் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உயிரியலைப் பற்றி வீடுகளில் இருக்கும் பெரிய தவறான எண்ணம், அதில் மனித உடலைப் படிப்பார்கள் என்பது. எச்2 உயிரியலில் பல்லையும் தாடையையும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பாடத்திட்டத்தின் நடுப்பகுதி உயிரணுவும் உயிர்மூலக்கூறுகளும், மரபியல், ஆற்றலும் சமநிலையும், பரிணாமம். அதன் மேல் தொற்றுநோய்கள், பருவநிலை மாற்றத்தால் விலங்குகளும் செடிகளும் பெறும் பாதிப்பு என்று இரண்டு விரிவுகள். எலும்பும் தசையும் நரம்பும் எங்கே ஓடுகின்றன என்பது அங்கே இல்லை. ஆக, பல் மருத்துவ முதலாண்டில் உடற்கூறியல் வகுப்புக்குள் நுழையும்போது உயிரியல் மாணவரும் இயற்பியல் மாணவரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். உயிர்வேதியியலில் மட்டும் உயிரியல் மாணவருக்குச் சில மாத முன்னிலை இருக்கும். புரதமும் நொதியும் டிஎன்ஏவும் அவருக்குப் பழகிய முகங்கள். இயற்பியல் மாணவர் அந்த இடைவெளியை மூச்சு வாங்க ஓடி அடைத்துவிடுவார். என்னிடம் படித்துப் பல் மருத்துவத்துக்குப் போன இருவரும் இயற்பியல் எடுத்தவர்கள். முதல் அரையாண்டு திணறினோம், பிறகு மறந்துவிட்டோம் என்றார்கள்.

இயற்பியல் படித்தது பல் மருத்துவத்தில் வீணாகிவிடுவதில்லை. வரிசை தப்பிய பல்லைக் கம்பி கட்டி நகர்த்துவது விசையும் திருப்புத்திறனும் அல்லாமல் வேறென்ன? ஒரு பல்லை அப்படியே பக்கவாட்டில் நகர்த்துவதும் அதைச் சாய்ப்பதும் வெவ்வேறு விசை அமைப்புகள். எக்ஸ் கதிர்ப் படம், பல் நிறச் சிமென்ட்டை நீல ஒளியால் இறுக வைப்பது, கடைவாய்ப் பல் தாங்கும் அழுத்தம் என்று எல்லாமே இயற்பியல்தான். ஆனால் இவற்றுக்குத் தேவையான அளவைப் பல் மருத்துவப் படிப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். இதற்காக யாரும் எச்2 இயற்பியல் எடுக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை எதிர்வீட்டு அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உயிரியல் விடைகளில் சொல் துல்லியம் வேண்டும். கருத்து தெரிந்தும் ஒரு சொல் தவறியதால் மதிப்பெண் போவது அங்கே அன்றாடம் நடப்பது. மனப்பாடத்தை மட்டும் நம்பிப் போனவர்கள் பி-யில் நின்றுவிடுகிறார்கள். இயற்பியலுக்கு வேறு குணம். கணிதத்தோடு சேர்த்துப் படித்தால் ஒன்றுக்கு உழைத்தது மற்றதற்கும் பயன்படும். ஆனால் அது பிடிபட்டால் பிடிபடும், பிடிபடாவிட்டால் எத்தனை பயிற்சித்தாள் போட்டாலும் நகராது. உங்கள் பிள்ளை ஒன்றை நான்கு பக்கம் படித்துத் தன் சொந்தச் சொல்லில் எழுதக்கூடியவரா, ஒரு படத்தை வரைந்து வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடியவரா என்று பாருங்கள். எதிர்வீட்டுப் பையன் வாங்கிய ஏ உங்கள் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லாது.

மதிப்பெண் இங்கே விளையாட்டில்லை. மூன்று எச்2 பாடங்களிலும் எச்1 பாடத்திலும் ஏ வைத்திருப்பவர்களோடுதான் பல் மருத்துவத்துக்குப் போட்டி. அதற்குப் பிறகு நேர்காணலும் கைத்திறன் தேர்வும். எனவே “எதில் ஏ வரும்” என்பது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. ஆனால் அது முதல் கேள்வியும் அல்ல.

என் முதல் கேள்வி வேறு. இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? அக்காவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. “நல்ல நாளில் வாயைத் திறந்தால் இதுவா?” என்றார். ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆசைப்படுபவர்கள் மிகப் பலர், இடமோ சில பத்து. பல் மருத்துவத்துக்கு உயிரியலும் சரி, இயற்பியலும் சரி. ஆகவே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பல் மருத்துவத்தைப் பார்த்துப் பயனில்லை. தராசின் இரண்டு தட்டிலும் அது ஒரே எடைதான். அந்தக் கதவு திறக்காத நாளில் நீ போய் நிற்க விரும்பும் அடுத்த கதவு எது என்பதுதான் முடிவைச் சொல்லும். மருந்தியல், உயிரறிவியல், இயன்மருத்துவம், தாதிமை என்றால் உயிரியல் எடு. பொறியியல், கணினி, பொருளறிவியல் என்றால் இயற்பியல் எடு. மருத்துவம்தான் அடுத்த கதவு என்பவர்களுக்கு இந்த விதி உதவாது. மருத்துவமும் இதே “அல்லது”வைத்தான் கேட்கிறது.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பேச்சே வேறு. பிரிட்டனில் பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகள் வேதியியலோடு உயிரியலையும் எதிர்பார்க்கின்றன. இயற்பியல் மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே பல கதவுகள் தட்டும் முன்பே மூடிவிடும். யூகேட் என்ற நுழைவுத்தேர்வும் உண்டு. அந்த மதிப்பெண் அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு மட்டும்தான் செல்லும். எங்கே போனாலும் அந்தப் பட்டம் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். உறவினர் மகன் படிக்கிறான், நல்ல கல்லூரி, கட்டணம் குறைவு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். பட்டியலில் இல்லாத பட்டத்தோடு திரும்பி வந்து சிங்கப்பூரில் பல் பிடுங்க முடியாது.

அடுத்தது நான்காவது பாடம். அக்கா மகளின் தாளில் எல்லாவற்றையும்விட அதிகமாக அடித்துத் திருத்தப்பட்டிருந்தது இதுதான். எச்1 பொருளியலா, புவியியலா, வரலாறா? இதில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. 2026ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து கணக்கு மாறிவிட்டது. சேர்க்கைக்கான மொத்தம் முன்பு 90 புள்ளி, இப்போது 70. மூன்று எச்2 பாடங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 20, ஆங்கிலத்தில் எழுதும் பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படும். செயல்முறைத் திட்டப்பணிக்கு இப்போது தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு எச்2 பாடத்தில் ஏ, ஒன்றில் பி, பொதுத்தாளில் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20, 20, 17.5, 8.75. மொத்தம் 66.25. நான்காவது பாடத்தில் ஏ வாங்கினால் 10 சேர்ந்து 80க்கு 76.25. அதை 70க்கு மாற்றினால் 66.72. அரைப் புள்ளிகூட ஏறவில்லை. நான்காவது பாடத்தில் பி வாங்கினால் 65.63 ஆகிறது. அது குறைவு என்பதால் அதைச் சேர்க்காமலே விட்டுவிடுவார்கள், 66.25 அப்படியே இருக்கும். ஆக, நான்காவது பாடத்தால் பெரிய இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பொதுத்தாளை மட்டும் யாரும் விட்டுவிட முடியாது. நம் வீடுகளில் அறிவியல் பிள்ளைகள் துணைப்பாட வகுப்புக்கு அலையும் பாடங்களில் பொதுத்தாள் கடைசியில் இருக்கிறது. அது கணக்கில் தவறாமல் நிற்கும் 10 புள்ளி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே நான்காவதுக்குப் பிடித்ததை எடுக்கட்டும். அறிவியல் மாணவர் மாறுபட்ட துறையிலிருந்து ஒரு பாடம் எடுத்தாக வேண்டும் என்பது விதி. பொருளியல் எல்லாரும் எடுக்கும் பாடம், பாதகமில்லை.

இங்கேதான் அக்கா மகள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு சேர்க்கையைச் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். எச்2 வேதியியல், எச்2 உயிரியல், எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும், எச்1 கணிதம்.

உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் உயர்தமிழ் படித்தவள் அவள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்து பீட்டி சாலைக்கு ரயிலேறிப் போனவள். அதனால் தொடக்கக்கல்லூரியில் எச்1 தமிழ் கட்டாயமில்லை. ஆனால் விடுவதற்கு மனமில்லை. “பல் மருத்துவம் கணிதத்தைக் கேட்கவில்லை என்று நீங்கள்தானே மாமா சொன்னீர்கள்?” என்றாள்.

சொன்னேன். மறுக்க முடியவில்லை. நிபந்தனையை மட்டும் பார்த்தால் இந்தச் சேர்க்கை முழுமையாகச் செல்லும். வேதியியல் இருக்கிறது, உயிரியல் இருக்கிறது, மாறுபட்ட துறைப் பாடமாகத் தமிழ் நிற்கிறது. தமிழ் எச்2 ஆனால் அதற்கும் 20 புள்ளி. கணிதத்தில் திணறி பி வாங்குகிற பிள்ளை தமிழில் ஏ வாங்கினால் 2.5 புள்ளி கூடுதல். நான்காவது பாடத்தின் அரைப் புள்ளியோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. அத்தோடு நோயாளிகளில் எத்தனை பாட்டிகள் தமிழில் மட்டுமே வலியைச் சொல்லத் தெரிந்தவர்கள்! “சுருக்கென்று குத்துகிறது” என்பதற்கும் “விண் விண் என்று தெறிக்கிறது” என்பதற்கும் வேறுபாடு தெரிந்த பல் மருத்துவர் பாதி நோயை நாற்காலியில் உட்காரும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். பல் கூச்சத்துக்கும் சீழுக்கும் இடையில் இருக்கும் தூரம் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. இதற்கு எச்2 தமிழ் வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், வேண்டாம்தான். எனக்குச் சொல்ல ஆசையாக இருந்தது, சொன்னேன்.

ஆனால் எனக்கு இந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை. எச்2 கணிதம் இல்லாவிட்டால் பொறியியல், கணினி போன்ற பக்கங்களுக்குத் திரும்புவது கடினம். பதினாறு வயதில் அந்தக் கதவுகளை நாமே சாத்துவது எதற்கு? இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் எல்லாத் தொடக்கக்கல்லூரிகளிலும் கற்பிக்கப்படுவதில்லை. கற்பிக்கும் கல்லூரியிலும் இரண்டு அறிவியல் பாடங்களோடு அதை எடுக்க அட்டவணை இடம் தருமா என்று சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும். பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், தாய்மொழிப் பாடத்தை மூன்றாவது பாடமாக ஏற்பார்களா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்பது நல்லது. இதையெல்லாம் சொல்லி, வேதியியல், உயிரியல், கணிதம், எச்1 பொருளியல் என்ற வரியில் பேனாவால் வட்டம் போட்டேன்.

அத்தான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். “பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் போக முடியாதா?” என்றார். அவருடைய அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம்.

போகலாம். அந்த வழி குறுகலானது. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வாய்நலச் சிகிச்சைக்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. முடித்தவர்கள் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம். பல் சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது, பால்பல் எடுப்பது எல்லாம் அவர்கள் செய்யும் வேலை. பள்ளிக்கூடத்துப் பல் மருந்தகத்தில் உங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தவர் பெரும்பாலும் இப்படிப் படித்தவராகத்தான் இருப்பார். ஏ நிலை வழியில் பதினெட்டு வயதுவரை யாரும் ஒரு வாயைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வழியில் பிள்ளைக்கு அந்த வேலை பிடிக்கிறதா இல்லையா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். இதன் பெரிய பலம் அது. ஆனால் பட்டயத்திலிருந்து பல் மருத்துவப் பட்டத்துக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. பட்டயப் படிப்பின் சராசரிப் புள்ளி, உச்ச அளவான நான்கை ஒட்டி இருக்க வேண்டும். எனவே வாய்நலச் சிகிச்சையாளராகவே வாழ்ந்தாலும் நிறைவு என்பவர்கள் மட்டும் எடுக்கட்டும். பல் மருத்துவத்துக்குப் படிக்கட்டாக நினைத்து ஏறினால் மூன்று ஆண்டும் ஏக்கமாகவே கழியும். உயிர்மருத்துவ அறிவியல் பட்டயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் உயிரறிவியலோ வேதியியலோ படித்துக்கொண்டு, பல் மருத்துவ ஆசை இன்னும் விடாதவர்களும் என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்கு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அங்கே முதலில் ஒரு பட்டம், பிறகு நான்காண்டுப் பல் மருத்துவம். மெல்பர்ன் பல்கலைக்கழகம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பொதுவாக ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்த உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றையும் பெரும்பாலும் உயிர்வேதியியலையும் எதிர்பார்க்கின்றன. எந்தத் துறையில் பட்டம் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. தமிழில் பட்டம் வாங்கினாலும் இந்தப் பாடங்கள் இருந்தால் போதும். அவர்களின் நுழைவுத்தேர்வில் உயிரியலும் இரு வேதியியலும் கணிதமும் வாசிப்பும் வருகின்றன. வடிவங்களை மனத்தில் சுழற்றிப் பார்க்கும் ஒரு பகுதியும் உண்டு. இயற்பியல் மட்டும் தேர்வில் இல்லை. பாடமாகக் கேட்டுவிட்டுத் தேர்வில் விட்டுவிடுகிறார்கள்!

இவர்களுக்கு என் ஆலோசனை பாடத்தைவிடப் பருவத்தைப் பற்றியது. கரிம வேதியியலை நுழைவுத்தேர்வுக்கு முந்திய பருவங்களில் முடியுங்கள். அதையும் உடலியங்கியலையும் ஒரே பருவத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கட்டாயப் பாடத்தை எழுத்துத் தரமில்லாமல் தேர்ச்சி என்று மட்டும் பதியும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள், எழுத்துத் தரம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. அமெரிக்க விண்ணப்பத்தில் ஒரு பாடத்தை இரண்டாம் முறை எழுதி நல்ல தரம் வாங்கினாலும் முதல் தரம் மறைவதில்லை, இரண்டும் சராசரியில் சேரும். கட்டணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அக்கா எழுந்து போய்விடுவார் என்பதால் அன்று அதை விட்டுவிட்டேன்.

மகன்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வரி. கட்டாயத் தேசிய சேவை முடிந்து திரும்பும்போது கரிம வேதியியல் பாதி மறந்திருக்கும். குறிப்புப் புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாகக் கையைப் பற்றிப் பேசினோம். எந்தப் பாடச் சேர்க்கையும் கைத்திறனைத் தராது. பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டருக்குள் வேலை செய்கிறார். அக்கா மகள் கோலத்தில் கெட்டிக்காரி. வாசலில் அவள் போட்ட பொங்கல் கோலத்தை எதிர்வீட்டினர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கைக்கண்ணாடியில் பார்த்தபடி தாளில் ஒரு நாலு புள்ளிக் கோலம் போடு பார்ப்போம் என்றேன். உடனே உட்கார்ந்தாள். முதல் கோடு எதிர்ப்பக்கம் ஓடியது. ஐந்தாவது முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அக்காவும் முயன்று பார்த்துச் சிரித்துக்கொண்டே பேனாவை வீசினார்.

கோலத்தை முடித்துவிட்டு அவள் என் வட்டத்தைப் பார்த்தாள். “மாமா, உங்கள் விதிப்படி இடம் கிடைக்காவிட்டால் எங்கே போவேன் என்று பார்த்துத்தானே பாடம் எடுக்க வேண்டும்?”

“ஆமாம்.”

“எனக்கு இடம் கிடைக்காவிட்டால் தமிழாசிரியர் ஆவேன். தேசியக் கல்விக்கழகம் இருக்கிறது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் தமிழில் பட்டம் இருக்கிறது. பொறியியல் எனக்கு எதற்கு?”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். என் வட்டம் என் இரண்டாவது கதவைப் பார்த்துப் போட்டது, அவளுடையதைப் பார்த்து அல்ல. பேனாவை வாங்கி, நான் போட்ட வட்டத்தை அவளே அடித்தாள். அந்தச் சேர்க்கையை அனுமதிக்கும் கல்லூரிகள் எவை என்று மறுநாள் காலை தொலைபேசியில் கேட்டுச் சொல்லும் வேலையை என்னிடம் ஒப்படைத்தாள். அக்கா பொங்கலைச் சூடுபடுத்தப் போனார்.